திறந்த டிராக்டரில் பொருத்திய மின்விசிறி வேகம் குறைகிறது, ஆணி சுடுகிறது: காரணம் என்ன?

கேள்வி (தஞ்சாவூர் மாவட்டம்):
என்னிடம் இருப்பது கேபின் இல்லாத 45 குதிரைத்திறன் டிராக்டர். மட்கார்டின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் வைத்துத் தகர டாப்பு போட்டிருக்கிறேன். அக்னி நட்சத்திர நாட்களில் ஒன்பது கொத்துக் கலப்பையுடன் கோடை உழவு ஓட்டும்போது மேலிருந்து வெயிலும் முன்னாலிருந்து எஞ்சின் அனலும் தாங்க முடியாத அளவுக்கு இருப்பதால், பழைய காரின் ரேடியேட்டர் விசிறி ஒன்றை வாங்கி, டாப்புக் குழாயில் கிளாம்ப் வைத்து, முகத்துக்கு நேராகக் காற்று வரும்படி பொருத்தியுள்ளேன். ஹெட்லைட் சுவிட்சிலிருந்து ஒரு வயர் எடுத்து விசிறிக்குக் கொடுத்திருக்கிறேன். எர்த்துக்கு (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழிக்கு) தனி வயர் இல்லை, டாப்புக் குழாயே போதும் என்று விட்டுவிட்டேன். வேலையைத் தொடங்கும்போது காற்று நன்றாக வருகிறது. சிறிது நேரத்தில் வேகம் குறைந்துவிடுகிறது. டாப்பை மட்கார்டுடன் இணைக்கும் ஆணி (போல்ட்) ஒன்று கை வைக்க முடியாதபடி சுடுகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா, பேட்டரி பலவீனமா என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
ஐயா, விசிறியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் எந்தப் பக்கம் கொடுத்தாலும் சுற்றும். ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே அமைந்திருப்பதால், எதிர்த்திசையில் சுற்றினால் காற்று பாதியாகிவிடும்.

கேட்டவர்:
திசை சரியாகவே உள்ளது. தொடக்கத்தில் காற்று பலமாக வருவதால் அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில் 2 (வாகன மின்பணி செய்பவர்):
ஐயா, ஆணி சுடுகிறது என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டாரின் மீது கை வைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். எஞ்சின் உழவு வேகத்தில் ஓட, விசிறியும் சுற்றிக்கொண்டிருக்க, பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட், விசிறி முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட், விசிறியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று குறித்துத் தாருங்கள். மூன்றாவது அளவு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
பேட்டரியில் 13.9, விசிறியில் 10.2, மூன்றாவது அளவு 2.8 வோல்ட். விசிறிக்குச் செல்லும் மின்னோட்டம் சுமார் 9 ஆம்பியர்.

பதில் 2 (தொடர்ச்சி):
பேட்டரியும், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நலமாக உள்ளன. மோட்டாரையும் குறை சொல்வதற்கில்லை. 13.9-இல் 10.2 போக மீதி 3.7 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அதில் 2.8 எர்த் பாதையில் போகிறது. டாப்புக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஆணியில் துரு பிடித்திருக்கும், அதிர்வுக்காக நடுவில் ரப்பர் வாஷரும் இருக்கலாம். ஆகவே 9 ஆம்பியரும் ஆணியின் ஓரிரு புரிகள் வழியாகவே இறங்குகிறது. 2.8-ஐ 9-ஆல் பெருக்கினால் 25 வாட். ஒரு சிறிய ஆணியில் அவ்வளவு வெப்பம் பிறந்தால் சுடாமல் என்ன செய்யும்? சூடு ஏற ஏற அங்குள்ள தடையும் ஏறுவதால்தான், தொடக்கத்தில் பலமாக இருந்த காற்று பிறகு குறைகிறது. மீதி 0.9 வோல்ட் ஹெட்லைட் சுவிட்சிலும் மெல்லிய வயரிலும் போகிறது. சுவிட்சையும் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். ஹெட்லைட் சுவிட்சுடன் உள்ள இணைப்பை எடுத்துவிடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை ரிலேயின் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சின்) 30-ஆம் முனைக்கும், 87-ஆம் முனையிலிருந்து விசிறிக்கும் கொண்டு செல்லுங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து சிறிய சுவிட்ச் வழியாக 86-க்கும், எர்த்திலிருந்து 85-க்கும் கொடுத்தால், சாவியை எடுத்தவுடன் விசிறியும் நின்றுவிடும், இரவில் பேட்டரி இறங்காது. எர்த்துக்கும் அதே தடிமனில் தனி வயர் பேட்டரியின் நெகட்டிவ் வரை போக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இனி கிளாம்பை வெல்டிங் செய்யும் எண்ணம் இருந்தால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லையெனில் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடக்கூடும்.

பதில் 3 (டிராக்டர் ஓட்டுநர்):
அண்ணா, மின்சாரத்தைப் பற்றி அவர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் காரின் ரேடியேட்டர் விசிறி இறக்கை கூர்மையானது; தலைக்கு அருகில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், துண்டின் நுனி பறந்து இழுபட்டால் ஆபத்து. விரல் நுழையாத கம்பி வலை இரு பக்கமும் அவசியம். பேருந்து ஓட்டுநர்களுக்கு வைக்கும் கூண்டுள்ள 12 வோல்ட் விசிறி இரண்டு ஆம்பியர் அளவிலேயே ஓடும். முகத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

காற்றை விட அனலைத் தடுப்பது முக்கியம். எஞ்சின் விசிறி முன்னாலிருந்து காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்துப் பின்னால் தள்ளுவதால், அந்தச் சூடு முழுவதும் நம் முழங்காலில்தான் வந்து அடிக்கிறது. கால் வைக்கும் தட்டுக்கு முன்னால், கிளட்ச் உறையின் (ஹவுசிங்) இரு பக்கமும், சைலன்சரைத் தொடாமல் ஒரு தகடு வைத்தால் பெரிய மாற்றம் தெரியும். ஆனால் காற்று பக்கவாட்டில் வெளியேற வழி விட வேண்டும்; அதை அடைத்தால் எஞ்சின் சூடேறிவிடும்.

பதில் 4:
இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை நம்பி இருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த வெப்பத்தில் காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றக்கூடும். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது என்பதால், தண்ணீர் குடிக்காமல் விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. நண்பகல் உழவை முடிந்தவரை காலைக்கும் மாலைக்கும் தள்ளி வையுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. தனி எர்த் வயரும் ரிலேயும் போட்டபின் விசிறி முனைகளில் 13.3 வோல்ட் வருகிறது. மாலை வரை வேகம் குறையவில்லை, ஆணியும் சுடவில்லை. வலைக்குக் கோழிக் கூண்டுக் கம்பியை விட நெருக்கமான வலை கிடைக்கும் வரை விசிறியை ஓட்டப் போவதில்லை. தகடு வைக்கும் வேலையைப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மீதம் உள்ளது: புழுதி மோட்டாருக்குள் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் 2:
மோட்டாரின் காற்றுத் துளைகளைத் துணியால் மூடிவிடாதீர்கள், எரிந்துவிடும். பின்காற்று அடிக்கும் சாலில் கலப்பையின் புழுதி முழுவதும் விசிறிக்கு வரும்; அந்தச் சாலில் மட்டும் விசிறியை நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை கம்ப்ரசர் காற்றால் ஊதும்போது ரேடியேட்டர் வலையையும் சேர்த்து ஊதிவிடுங்கள்.