மழைக்காட்டு ஓடைகளுக்குள் மோட்டார் சைக்கிளை இறக்கலாமா?

வல்லைவெளி எழுதியது:

தெனியாயப் பக்கத்து ஓடை ஒன்றுக்குள் ஐந்தாறு பைக்குகள் மேலும் கீழுமாக ஓடுகிற காணொளி ஒன்று போன கிழமை எங்கள் குழுவில் சுற்றியது. பாதிப்பேர் அடுத்த பயணம் இதுதான் என்றார்கள். மீதிப்பேர் அநியாயம் என்றார்கள். அங்கே கதை சண்டையாகப் போனதால் இங்கே தனி இழையாகத் திறக்கிறேன்.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போக வேண்டும் என்கிற ஆள். யாழ்ப்பாணத்துப் பைக்காரனுக்கு மேடும் இல்லை, ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரிக்கு மட்டும்தான் ஆறு. இதே நாட்டில் சிங்கராஜா மழைக்காட்டைச் சுற்றி எத்தனை பாதைகள்! மாதம்பைச் சந்தியில் ஏ17இல் ஏறினால் இறக்குவானை, சூரியகந்தை, தெனியாய. மேற்குப் பக்கம் என்றால் கலவானை, வெத்தாகல. பெரிய வீதிகள் தார்தான். அவற்றிலிருந்து பிரிகிற ஊர்ப் பாதைகளில்தான் சேறு, பாசி பிடித்த கல், பாலம் இல்லாத ஓடை எல்லாம் வரும். சிங்கராஜாவுக்கு உள்ளே ஓடுவது பற்றி நான் பேசவில்லை. அங்கே ரிக்கெற் எடுத்து, வழிகாட்டியோடு நடந்துதான் போக வேண்டும், அது சரியும்கூட. நான் கேட்பது காட்டின் விளிம்பில் ஊர்ச்சனம் பாவிக்கிற பாதைகளை.

பிரேசிலில் மனாஸிலிருந்து போர்ட்டோ வெல்யோ வரை அமேசனுக்கு நடுவால் பிஆர்-319 என்று ஒரு வீதி. கிட்டத்தட்ட 885 கிமீ. 1970களில் தார் போட்டுத் திறந்து, பராமரிப்பு இல்லாமல் 1988இல் கைவிட்டார்கள். நடுவில் 400 கிமீ அளவு இன்றைக்கும் மண்தான். உலகம் முழுவதும் இருந்து பைக்காரர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். நாங்கள் நமது நாட்டுக் காட்டு விளிம்பைப் பார்க்க நினைத்தால் மட்டும் என்ன பிழை?

இலுப்பையடி எழுதியது:

தம்பி, பிஆர்-319ஐ நீங்களே எடுத்தது நல்லது. அமேசனில் காடழிந்த இடங்களில் 95 வீதம் ஒரு வீதியிலிருந்து 5.5 கிமீக்குள், அல்லது ஆற்றிலிருந்து 1 கிமீக்குள் இருக்கிறது. முதலில் பாதை வருகிறது, பாதைக்குப் பின்னால் மரம் வெட்டுகிறவன் வருகிறான், அவனுக்குப் பின்னால் மாட்டுப் பண்ணை வருகிறது. அந்த வீதிக்குத் திரும்பத் தார் போடலாமா என்று பிரேசிலில் இன்றைக்கும் இழுபறி நடப்பது இதனால்தான்.

சிங்கராஜாவும் இதைப் பட்டுத்தான் வந்தது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக யந்திரங்களைக் கொண்டுபோய் மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் நிறுத்தினார்கள். 1988இல் உலக மரபுரிமை இடமானது. குடாவை வாசல் பக்கத்தால் காட்டுக்குள் போனவர்கள் நடந்திருப்பீர்களே, அந்த அகலமான நடைபாதை மரம் இழுக்கப் போட்ட வீதி. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அப்படியே கிடக்கிறது.

நானும் பைக் ஓடுகிறவள்தான். ஓடைக்குள் ஓடுவதைத்தான் எதிர்க்கிறேன். அங்கத்தைய மரங்களில் 60 வீதத்துக்கு மேல் இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாதவை. ஓடைகளும் அப்படித்தான். மீன் தொட்டிக் கடைகளில் செர்ரி பார்ப் என்று சிவப்பாக ஒரு சின்ன மீன் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதன் சொந்த ஊர் நம்முடைய தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகள். மர நிழல் விழுகிற, ஆழமில்லாத, மெதுவாக ஓடுகிற தண்ணீர்தான் அதற்கு வேண்டும். பைக் விடச் சுகமான இடம் என்று நீங்கள் தேடுவதும் அதே இடத்தைத்தான். ஒரு சில்லு சரளைக்கல்லைப் புரட்டினால் மேலே கலங்குவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கல்லுக்குக் கீழே இருக்கிற பூச்சி, புழு, முட்டை எல்லாம் அந்தச் சேற்றில் மூடுபட்டுப் போகும்.

பண்ணைப்பாலம் எழுதியது:

ரீச்சர், காணொளியில் இருந்ததில் ஒருவன் என் மச்சான். அவங்கள் மரம் வெட்டவும் இல்லை, மீன் பிடிக்கவும் இல்லை. இரத்தினபுரிப் பக்கம் ஓடையைக் கிண்டி மாணிக்கம் தோண்டுகிறார்கள், வாசனைக்கு விலைபோகிற வல்லப்பட்டை மரத்தைக் களவாக வெட்டிக் கடத்துகிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துப் பெடியளின் நாலு பைக்கிலா காடு அழியப் போகிறது? எருமை இறங்கினால் கலங்காதா? ட்ரக்டர் இறங்கினால் கலங்காதா?

எங்கட ஆக்கள் போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் பைக் ஓடினவர்கள். கிளாலிக் கடலில் வள்ளத்தில் பைக்கை ஏற்றிக் கொண்டுபோனவர்கள். கஷ்டமான பாதை எங்களுக்குப் புதிதில்லை. அந்த ஓர்மத்தைக் கொஞ்சம் சந்தோசத்துக்கும் காட்டினால் என்ன?

இலுப்பையடி எழுதியது:

கிளாலியை இதுக்குள் கொண்டுவராதீர்கள். அங்கே சனம் உயிர் தப்பப் போனது.

மாணிக்கம் தோண்டுகிறவன் செய்வது பெரிய பிழை. அது உங்களுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. எருமை ஏறி இறங்குவது ஊருக்குப் பழகின ஒரே துறையில். காணொளியில் பைக்குகள் ஓடைப் படுக்கையின் நீளத்துக்கு ஓடுகின்றன, திரும்பி வந்து இன்னொரு தடவையும் ஓடுகின்றன. இரண்டும் ஒன்றா?

கோண்டாவில் கராச் எழுதியது:

நான் காடு படித்தவன் இல்லை, எஞ்சின் திறக்கிறவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கட பெடியள் ஓடுகிறதில் பெரும்பாலானவை 150 சிசிப் பைக்குகள். கூடுதலாக ஏர் ஃபில்டர் சீற்றுக்குக் கீழே, பக்கத்து மூடிக்குள் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்துக்கு வரவேண்டும் என்றில்லை. வேகமாக இறங்கினால் முன்சில்லு எழுப்புகிற அலையே அங்கே ஏறிவிடும். காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வருகிற நேரம் தண்ணீர் விட்டுக்கொடுக்காது, பிஸ்டனைத் தள்ளுகிற கொன்றொட் தண்டு வளைந்துவிடும். அப்படி ஒரு எஞ்சின் எனக்கு வந்தது. ஒயில் வடிப்பு ஆணியைக் கழற்றினால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது. ஆள் தண்ணீருக்குள் நின்றுபோன பைக்கை ஸ்ரார்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்திருக்கிறார், அதுதான் கொன்றது.

கடக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் பைக்கை விட்டு இறங்கி நடந்து பாருங்கோ. கையில் ஒரு தடி இருக்கட்டும். சலசலவென்று கல் தெரிய ஓடுகிற இடம் ஆழம் குறைவு, அமைதியாகக் கண்ணாடி மாதிரி இருக்கிற இடம்தான் குழி. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் பைக்கை விடுங்கோ, ஆளே இறங்கக்கூடாது. அடுத்த கரையில் எங்கே ஏறுவது என்று பார்த்து வைத்துவிட்டு, முதலாம் கியரில், ஒரே அளவு அக்சில் கொடுத்து, கிளச்சை நடுவில் பிடிக்காமல், நீரோட்டத்தோடு கொஞ்சம் சரிந்து போகவேண்டும். முன்சில்லைப் பார்த்தால் விழுவீர்கள், போகிற கரையைப் பாருங்கோ. விழுந்தால் உடனே எஞ்சினை நிற்பாட்டுங்கோ. பிறகு ஸ்ரார்ட்டரில் கை வைக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துத் தண்ணீரை வெளியே தள்ளி, ஏர் ஃபில்டரைப் பார்த்து, ஒயிலின் நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த வேலை. கரை ஏறினதும் பிறேக்கை மெதுவாகப் பிடித்துப் பிடித்துக் காயவைக்காமல் இறக்கத்தில் விடாதீர்கள். ட்ரம் பிறேக் என்றால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. எங்கட ஊரில் பாதிப்பேர் செயினுக்குப் பூசுவது கழிவு ஒயில். என்னட்டையே போத்தலோடு வந்து கேட்பார்கள். அந்தச் செயின் ஓடைக்குள் இறங்கின உடனே தண்ணீருக்கு மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் விரியும். காணொளியைத் திரும்பப் பாருங்கோ, மூன்றாவது பைக்குக்குப் பின்னால் அது வடிவாகத் தெரிகிறது.

இறக்குவானை எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு இருந்தேன். நான் பிறந்தது இறக்குவானைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில. இப்ப வேலைக்காக யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். இரண்டு பக்கத்தாரிடமும் கேட்க எனக்குக் கேள்வி இருக்கு.

முதல்ல ஓட்டுகிறவங்களுக்கு. நீங்க ஓடை என்று சொல்றது எங்க வீட்டுக் குழாய். மேலே மலையில ஓடையை மறித்து ஒரு குழாய் போட்டு, அதுதான் லயத்துக்குப் பீலித் தண்ணியா வருது. கீழே கிராமத்து ஆட்களுக்கும் அப்படித்தான். வடிகட்டுகிற தொட்டி எல்லா இடத்திலயும் இல்லை. மேலே கலக்கினா கீழே குடத்துக்குள்ள சேறு வரும், அந்தத் தண்ணியிலதான் அம்மா தேத்தண்ணி போடணும். பைக்கில வந்தவர் அப்ப தெனியாயக் கடையில சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்.

அப்புறம் ரீச்சர் அக்காவுக்கு. பாதை வந்தா காடு போச்சு என்று சொல்றீங்க. 2020இல் லங்காகம வீதிக்காக நாடே சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். சிங்கராஜாவை வெட்டுறாங்க என்று கொழும்பில கோபப்பட்டாங்க. அந்த ஊர் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாதை இல்லாம இருந்ததை எத்தனை பேர் பேசினாங்க? பிள்ளை வயிற்றோட இருக்கிற பொம்பளையை ஓடை கடந்து தூக்கிட்டுப் போறவங்களுக்கு அதில் ஒரு சாகசமும் இல்லை. அவங்க கேட்கிறது ஒரு சின்னப் பாலம்.

இலுப்பையடி எழுதியது:

தம்பி, ஊர்ச்சனத்துக்குப் பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இருக்கிற பாதையை அகலமாக்காமல், காட்டுப் பக்கம் வெட்டாமல், ஓடைக்கு மதகு கட்டித் திருத்தலாம். லங்காகமவில் கோபம் வந்தது பாதையை அகலப்படுத்தின விதத்துக்கு. ஆனால் அந்தச் சனத்தின் குரல் அதற்குள் அமுங்கிப்போனது என்று நீங்கள் சொல்வது உண்மை. அதை ஒருவரும் மறுக்க ஏலாது.

வல்லைவெளிக்கு இன்னொரு விசயம். இங்கே பார்த்தீனியம் என்ற களை எப்படிப் பரவியது என்று தோட்டக்காரரைக் கேளுங்கள். சில்லிலும் செருப்பிலும் ஒட்டின மண்ணோடும் அது ஊர் மாறும். சிங்கராஜா விளிம்புகளில் கிளிடேமியா என்ற தென்னமெரிக்கச் செடி ஏற்கனவே புகுந்துவிட்டது. வடக்கிலிருந்து ஓடிக்கொண்டு போகிற பைக்கின் மட்கார்ட்டுக்குள் எத்தனை ஊர் மண் இருக்கும்?

வல்லைவெளி எழுதியது:

மட்கார்ட் விசயம் சரி, அது ஒரு தண்ணீர்க் குழாயும் பத்து நிமிடமும்தான். இரத்தினபுரிக்கு முன்னால் கழுவிவிட்டுப் போகலாம். செயினுக்கும் கழிவு ஒயில் பூசினவன் வரவேண்டாம் என்று சொல்லலாம்.

ஆனால் ரீச்சர், நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் ஒருவரும் எங்கேயும் போகக்கூடாது. பார்க்காத காட்டுக்காக யார் குரல் கொடுப்பான்? யாழ்ப்பாணத்தில் பாதிப் பெடியளுக்கு மழைக்காடு என்றால் தொலைபேசியில் பார்க்கிற படம். சூரியகந்தை ஏற்றத்தில் மூடுபனிக்குள் போய், குளிரில் கை விறைத்து, அட்டை கடித்து வந்தவன்தான், நாளைக்கு அந்தக் காட்டை யாரோ வெட்டுகிறார்கள் என்றால் சண்டைக்கு வருவான். ஓடைக்குள் நீளத்துக்கு ஓடுவது பிழை, ஒத்துக்கொள்கிறேன். அதை நான் கேட்கவும் இல்லை. ஊர்ச்சனம் கடக்கிற துறையால், ஊர்ச்சனம் கடக்கிற மாதிரி ஒரு தடவை கடந்து போவதைக் கேட்கிறேன்.

பண்ணைப்பாலம் எழுதியது:

ஓகஸ்ட் விடுமுறையில் வைப்போம். எல்லாருக்கும் லீவு.

கோண்டாவில் கராச் எழுதியது:

ஓகஸ்டா? இங்கே ஆடி ஆவணியில் வெயில் எரிக்கிறது என்று அங்கேயும் அப்படி என்று நினைக்காதே. எங்கட மாரி ஐப்பசி கார்த்திகை. அங்கே தென்மேற்குப் பருவமழை மே தொடங்கிச் செப்டெம்பர் வரை. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்கப் பெய்வது 1,300 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் வரும். சிங்கராஜாவில் 3,000இலிருந்து 5,000 வரை. நீ நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் பெய்துகொண்டு இருக்கும். தெளிந்த ஓடை கொஞ்ச நேரத்தில் மண்ணிறமாகி, சருகும் தடியும் மிதந்து வரத் தொடங்கினால் கரைக்கு ஓட வேண்டியதுதான். 2017 மேயில் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறைப் பக்கங்களில் செய்ததை மறந்துபோச்சா? 200 பேருக்கு மேல் செத்தார்கள்.

இறக்குவானை எழுதியது:

கராச் அண்ணே சொல்றது சரி. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் மழை குறைவு, பாதையும் இறுகி இருக்கும். அப்பகூட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கா என்று பார்த்துட்டுத்தான் ஏறணும். மஞ்சள் என்றாலே எங்க ஆட்கள் கவனமாகிடுவாங்க. சிவப்பு என்றா லயத்தை விட்டு வெளியே போயிடுவாங்க. அந்த நேரத்தில சைலன்சரைச் சத்தம் போட வைத்துக்கொண்டு மலையேறி வர்றவங்களை அங்க யாரும் வரவேற்க மாட்டாங்க.

துறையால கடக்கிறதுக்கும் ஒரு விசயம். காலையில தண்ணி எடுக்கிற நேரம், சாயங்காலம் குளிக்கிற நேரம் இரண்டையும் விட்டுடுங்க. பொம்பளைங்க குளிச்சுட்டு இருக்கிற இடத்துக்குக் கமராவைத் தலைக்கவசத்தில கட்டிட்டு வந்து நிற்கிறாங்க. அதை நான் கண்ணால பார்த்திருக்கேன், அடிதடி வரைக்கும் போச்சு.

வல்லைவெளி எழுதியது:

சரி, பெப்ரவரி. ஏ9, குருநாகல், அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, மாதம்பை, இறக்குவானை, தெனியாய. ஊர்ப் பாதைகள் எவை என்பதை இறக்குவானைத் தம்பி சொல்லட்டும். பாலம் இருக்கிற இடத்தில் பாலத்தால். இல்லாத இடத்தில் துறையால் ஒரு தடவை, கமரா நிற்பாட்டி. ஓடைப் படுக்கையில் ஓட நினைக்கிறவன் வேறு குழு பார்க்கட்டும்.

பண்ணைப்பாலம் எழுதியது:

கமராவை நிற்பாட்டிவிட்டு அவ்வளவு தூரம் ஓடி என்ன பயன் அண்ணை? நான் இதில் இல்லை.

இலுப்பையடி எழுதியது:

துறையால் ஒரு தடவை என்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் பைக்குகளை நிற்பாட்டிவிட்டு அடுத்த பக்கம் நடந்து போங்கள். அப்படி என்றால் நானும் வருவேன்.

வல்லைவெளி எழுதியது:

வருவது என்றால் சந்தோசம் ரீச்சர். ஆனால் ஊர்க்காரரின் ட்ரக்டர் கடக்கிற துறையில் என் பைக்கை மட்டும் நிற்பாட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இறக்குவானைத் தம்பி, உங்கட ஊர் ஆட்களிடமே கேட்டு எழுதுங்கோ. அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பாதை எங்களுக்கு வேண்டாம்.

இறக்குவானை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் எடுப்பேன். கேட்டுட்டு எழுதுறேன்.