பின்வளவு எலிக்கும் சாம்பல் அணிலுக்கும் எந்த ஏர் ரைபிள்?

பூசணிக்கொடி:
வணக்கம். இடம் இங்கிலாந்து, கென்ட் பக்கம். பின்வளவு 28 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். இரண்டு பக்கமும் பலகை வேலி, கடைசியில் செங்கல் மதில், அதுக்கு அங்கால் இன்னொரு வீட்டு வளவு. கோழிக்கூட்டுக்குக் கீழே எலி வளை போட்டிருக்கு. சாம்பல் அணில் சோளப்பொத்தியை முத்த விடுறதில்லை. மரப்புறா கோவாவைக் (முட்டைக்கோஸ்) கொத்துது. ஏர் ரைபிள் வேண்டலாம் என்று நினைக்கிறன். லைசன்ஸ் வேணுமா? காலிபர் (குழாய்த் துவார அளவு, அங்குலத்தில்) .177ஆ .22ஆ? ஸ்பிரிங்கா, காத்தடைக்கிற பிசிபியா? ஸ்கோப்போட 500 பவுணுக்குள்ள முடியுமா?

வேலிக்கு_அங்கால்:
முதல்ல சட்டம். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் பெல்லட் (சின்னக் குண்டு) வெளிக்கிடேக்க உள்ள சக்தி 12 அடி-பவுண்டுக்கு மேல போகாத ஏர் ரைபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை, 18 வயசு நிரம்பியிருந்தா போதும். ஸ்கொட்லாந்து அப்படியில்லை. அங்கே 2016 டிசம்பர் 31இல் இருந்து லைசன்ஸ் கட்டாயம். கடையில் நேரில் போய்த்தான் வேண்டலாம், வியாபாரி வீட்டுக்குத் தபாலில் அனுப்ப ஏலாது.

உங்கட வளவுக்கு முக்கியமானது இது: அடுத்த வளவுக்காரரின் அனுமதி இல்லாமல் பெல்லட் எல்லை தாண்டினாலே குற்றம். ஒருத்தருக்கும் படாட்டியும் குற்றம்தான். மெல்லிய பலகை வேலியை .177 பெல்லட் துளைச்சுக்கொண்டு போகும். வேலியைத் தடுப்பெண்டு கணக்கில் எடுக்காதேங்கோ.

சாம்பல் அணிலையும் எலியையும் சுடலாம். செவ்வணில் பாதுகாக்கப்பட்ட உயிர், ஆனால் கென்டில் அது இல்லை. மரப்புறா வேற கதை. இங்கிலாந்தில் ஜிஎல்42 என்ற பொது உரிமத்தின் கீழ், பயிருக்குப் பெரிய சேதம் வரும்போதுதான், அதுவும் வலை மாதிரி வேற வழிகளைப் பாத்த பிறகுதான் சுடலாம். நாலு கோவாக் கண்டுக்கு அந்த வேலை வேண்டாம். வளைவுக்கம்பி நட்டு, இலையில் முட்டாமல் 20 மி.மீ. கண்ணி வலையைப் போட்டால் முடிஞ்சுது.

டயபோலோ:
ரெண்டு காலிபருக்கும் சக்தி ஒண்ணுதான், வேகம்தான் வேற. 11.5 அடி-பவுண்டுல 8.44 கிரெயின் எடையுள்ள .177 பெல்லட் வினாடிக்கு சுமார் 780 அடி போகும். 15.89 கிரெயின் .22 சுமார் 570 அடி. 25 கஜத்துல ஜீரோ (குறி வெச்ச இடத்துலயே பெல்லட் படுற மாதிரி ஸ்கோப்பைத் திருத்துறது) வெச்சா 35 கஜத்துல .177 ரெண்டு செ.மீ.க்குள்ள இறங்கும், .22 நாலு செ.மீ. இறங்கும். அணிலோட தலையில குறி வைக்க வேண்டிய இடமே மூணு செ.மீ.க்குள்ளதான். தூரத்தைக் கொஞ்சம் தப்பா கணிச்சாலும் .177 காப்பாத்தும், .22 காப்பாத்தாது. என் ஓட்டு .177.

வேலிக்கு_அங்கால்:
நான் மாறிச் சொல்லுவன். அவர் கோழிக்கூட்டடியில் 8, 10 மீட்டரில் எலி சுடப்போறார். அந்தத் தூரத்தில் .177 உடம்பைத் துளைச்சு வெளியில் வந்து சீமெந்துக் கல்லில் பட்டுத் தெறிக்கும். .22க்கு அந்தக் குணம் குறைவு.

டயபோலோ:
தெறிக்கிறதுக்கு மருந்து காலிபர் இல்லைங்க, பின்னால வைக்கிற தடுப்பு. 60×60 செ.மீ. மரப்பெட்டி, பின்பக்கம் 18 மி.மீ. பிளைவுட், உள்ள 15 செ.மீ. ஈரமணல், முன்பக்கம் தடிச்ச பழைய கார்ப்பெட். இரையை அதுக்கு முன்னாடி மட்டும் வைங்க. எலியும் அணிலும் அங்க வந்து தின்னப் பழகட்டும், நீங்க துரத்திக்கிட்டுப் போகாதீங்க. மாடி ஜன்னல்ல இருந்து கீழ்நோக்கி மண்ணுல சுடுறது இன்னும் நல்லது. மரத்துல இருக்கிற அணிலை அண்ணாந்து சுடவே கூடாது. தப்பின பெல்லட் நூத்துக்கணக்கான மீட்டர் போகும், எங்க விழும்னு யாருக்கும் தெரியாது.

ரைபிள் விஷயம். ஸ்பிரிங்குல வைரவுக் எச்டபிள்யூ95 இல்லன்னா எச்டபிள்யூ99எஸ். ரெண்டும் குழாயை மடக்கி லோடு பண்றது. எச்டபிள்யூ97கே, ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ்200 ரெண்டும் அருமையானது, ஆனா கனம். ஜன்னல் ஓரத்துல உக்காந்து சுடுறவருக்குச் சரி, கையில ஏந்திச் சுடுறவருக்குத் தோள் வலிக்கும். பிசிபியில ஏர் ஆர்ம்ஸ் எஸ்200 எளிமையானது. உதைப்பு இல்ல, சத்தம் குறைவு, பழகுறதும் சுலபம். ஆனா காத்தடைக்கக் கைப்பம்போ டைவிங் சிலிண்டரோ தனியா வாங்கணும், அங்கதான் 500 பவுண்டு தாண்டும். உங்க பட்ஜெட்டுக்கு ஸ்பிரிங்.

கரூர்_வெள்ளாமை:
இடையில ஒரு சந்தேகம். இதே .22 ரைபிளை நம்ம ஊர்ல கொய்யாத் தோட்டத்துக்கு வாங்கலாமா? கிளியும் மயிலும் தாங்க முடியல.

டயபோலோ:
வேண்டாங்க. இந்தியாவுல லைசன்ஸ் இல்லாம வெச்சுக்கலாம்னா 4.5 மி.மீ. (அதாவது .177) காலிபர், 20 ஜூலுக்குள்ள. .22 அதுல வராது. ரைபிளை விடுங்க, மயில் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, கிளியும் பாதுகாக்கப்பட்டதுதான். சுட்டா ஜெயில். கொய்யாவுக்குக் காய்க்குக் காய் உறை போடுங்க, இல்லன்னா மரத்துக்கு மேல வலை.

பூசணிக்கொடி:
எல்லாருக்கும் நன்றி. பழைய எச்டபிள்யூ95, .177 வேண்டியாச்சு. மணற்பெட்டியும் செய்தாச்சு. இப்ப பிரச்சினை: 20 மீட்டரில் அஞ்சு வெடியும் 5 செ.மீ. அகலத்துக்குச் சிதறுது. முதல் கொஞ்ச வெடிக்குப் புகையும் 'டமார்' எண்ட சத்தமும். 3-9×40 ஸ்கோப், 8 மீட்டரில் எல்லாம் மங்கல். ஜன்னல் கட்டையில் வைச்சுத்தான் சுடுறன்.

டயபோலோ:
கடைசி வரியிலயே பாதி பதில் இருக்கு. ஸ்பிரிங் ரைபிளைக் கட்டையில வெக்காதீங்க. பெல்லட் குழாயை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பிஸ்டன் ரைபிளை முன்னும் பின்னும் ஆட்டுது. கெட்டியான இடத்துல வெச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி துள்ளும். ஜன்னல்ல மெத்தையைப் போட்டு அது மேல உங்க கை, கை மேல ரைபிள். இறுக்கிப் பிடிக்காம, ஒவ்வொரு வெடிக்கும் கை அதே இடத்துல.

அப்புறம் இந்த வரிசையில பாருங்க. ஸ்டாக் (ரைபிளோட மரக்கட்டை) திருகு: முன்கட்டையோட ரெண்டு பக்கமும், ட்ரிகர் கார்டுலயும். ஸ்பிரிங் அதிர்வுல தளர்றது முதல்ல இதுதான். அடுத்தது ஸ்கோப் மவுண்ட். மவுண்டுக்கு முன்னால ரெயில்ல பளபளன்னு புது உரசல் தெரிஞ்சா ஸ்கோப் பின்னாடி நகருதுன்னு அர்த்தம். வைரவுக் ரெயில்ல அதுக்குன்னே குழி இருக்கு, ஸ்டாப் பின் உள்ள மவுண்ட் வாங்கி பின்னை அதுல இறக்குங்க. மூணாவது பிரீச் சீல், அதாவது குழாய் மூடுற இடத்துல காத்து கசியாம அடைக்கிற வளையம். குழாய் மூடுற இணைப்பு மேல டிஷ்யூ பேப்பர் துண்டு ஒண்ணு வெச்சு மணற்பெட்டியில சுடுங்க. பேப்பர் பறந்தா காத்து கசியுது, சீலை மாத்தணும். பெல்லட் போடாம வெறும் வெடி வைக்காதீங்க, பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும் போகும்.

இது அத்தனையும் சரின்னா பெல்லட். 4.51, 4.52 மி.மீ. ரெண்டு சைஸும் தனித்தனியா வாங்கி அஞ்சஞ்சு சுட்டுப் பாருங்க. குழாய்க்குக் குழாய் பிடிக்கிறது மாறும்.

வேலிக்கு_அங்கால்:
புகைக்குக் காரணம் எண்ணெய். முன்னம் வைச்சிருந்தவர் சிலிண்டருக்குள்ள எண்ணெய் விட்டிருப்பார், பிஸ்டன் அழுத்தத்தில் அது எரியுது. குழாயை பிரீச் பக்கமிருந்து உலர்ந்த துணியால் இழுத்துத் துடைச்சுப்போட்டு, ஒரு ஐம்பது பெல்லட் பெட்டிக்குள் சுடுங்கோ. அதுக்குப் பிறகும் சத்தம் நிக்காட்டி துப்பாக்கி திருத்துறவரிட்ட குடுத்து வேகம் அளக்கச் சொல்லுங்கோ. எண்ணெய் எரியேக்க சக்தி கூடும். 12 அடி-பவுண்டைத் தாண்டுற ரைபிள் கையில் இருந்தால் சட்டம் அதைச் சான்றிதழ் தேவைப்படுற துப்பாக்கியாகத்தான் பாக்கும்.

மங்கலுக்குக் காரணம் ஸ்கோப் 100 கஜத்துக்கு நிலையாகச் சரிசெய்தது. உருப்பெருக்கத்தை 4க்கு இறக்கினால் ஓரளவு தெளியும். சரியான தீர்வு 10 கஜம் வரைக்கும் பாராலக்ஸ் (தூரத்துக்கேற்ற தெளிவு) திருத்தக்கூடிய, ஸ்பிரிங் உதைப்பைத் தாங்குமெண்டு எழுதியிருக்கிற ஸ்கோப். இன்னொன்று: ஸ்கோப் குழாய்க்கு மேல 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறதால, 23 மீட்டரில் ஜீரோ வைச்சால் 8 மீட்டரில் பெல்லட் 1.5 செ.மீ. கீழே படும், 5 மீட்டரில் 2 செ.மீ.க்கும் கூட. கிட்ட வந்த எலி காயத்தோட வளைக்குள்ள ஓடுறது இதாலதான். 5, 8, 12, 16, 20 மீட்டரில் கடதாசியில் சுட்டு எழுதி ஸ்டாக்கில் ஒட்டுங்கோ.

டயபோலோ:
லோடு பண்ணும்போது மடக்கின குழாயை ஒரு கையால கெட்டியா பிடிச்சுக்கிட்டே பெல்லட் போடுங்க. பிடிப்பு நழுவி குழாய் மூடிச்சுன்னா விரல் போயிடும்.

பூசணிக்கொடி:
மெத்தையும் திருகும் போதும்போல. 20 மீட்டரில் 2 செ.மீ.க்குள்ள வந்திட்டு, புகையும் இல்லை. 28 மீட்டரில் 4 செ.மீ. மதிலடி அணிலைச் சுடலாமோ?

டயபோலோ:
கூடாதுங்க. அஞ்சும் 2.5 செ.மீ. வட்டத்துக்குள்ள விழுற தூரம்தான் உங்க எல்லை. இப்போதைக்கு 20 மீட்டர். சோளத்துக்கு நடுவுல இல்லாம மணற்பெட்டிக்கு முன்னாடி நிலக்கடலையை வெச்சு அணிலை அங்க வரவழைங்க. நாலஞ்சு சுட்டாலும் பக்கத்துல இருந்து புது அணில் குடியேறிக்கிட்டேதான் இருக்கும். கூண்டு வெச்சுப் பிடிச்சா அதை வேற இடத்துல விடுறது சட்டப்படி குற்றம்.

வேலிக்கு_அங்கால்:
எலிக்கும் அதே கதை. கோழித்தீனை மிதிச்சால் திறக்கிற தொட்டிக்கு மாத்துங்கோ. கூட்டின் அடியில் 13 மி.மீ. வெல்ட் கம்பிவலையை 30 செ.மீ. வெளிப்பக்கம் நீட்டி மண்ணுக்குள் தாழுங்கோ. இரவில் சிவப்பு டார்ச், இரை நிலக்கடலை பட்டர். கல்லில் தடவிவிட்டால் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது, அதிலேயே நிண்டு நக்கும். செத்ததைக் கையுறை போட்டு எடுங்கோ, எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா எண்ட நோய்க்கிருமி இருக்கலாம். ரைபிளைப் பூட்டி வையுங்கோ, வீட்டில் 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையள் இருந்தால் அது சட்டக்கடமையும்கூட.