2,30,000 கி.மீ. தாண்டிய ஆக்டேவியா ஆர்.எஸ்., தினமும் எண்ணூர் ரோட்டில்

வீடு தண்டையார்பேட்டை, வேலை அத்திப்பட்டுப் பக்கம். போக 20 கிலோமீட்டர், வர 20. வண்டி 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் (டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அமுக்கித் தரும் விசிறி), 150 குதிரைத்திறன். நாலு கதவும் பெரிய டிக்கியும் இருப்பதால் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. மூணாவது கியரில் டர்போ பிடிக்கும்போது பக்கத்து சீட்டில் இருந்த யாரும் அப்படிச் சொன்னதில்லை. எங்கப்பா சோழவரம் பழைய ரன்வேயில் ரேஸ் நடந்த காலத்தில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர். எனக்கு இந்தப் பைத்தியம் அங்கிருந்து வந்தது.

2013-ல், 82,000 கி.மீ. ஓடியிருந்தபோது வாங்கினேன். முதல் மூன்று வருஷம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. அப்படியும் 2016-ல் ஒருநாள் காலை, திருவொற்றியூர் தேரடி தாண்டியதும் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கிப் பீப் அடித்தது. அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டேன். இன்னும் அரை கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். கட்டி இழுத்துக்கொண்டு போய் எங்க தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். சம்ப்பை, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியைக் கழற்றி, உள்ளே ஆயில் உறிஞ்சும் வடிகட்டியை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். வத்தக்குழம்புச் சட்டி அடிபிடித்த மாதிரி கறுப்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. வலையில் பாதி ஓட்டைகூடத் திறந்திருக்கவில்லை.

"இன்னா தம்பி, ஆயில் மாத்துனியா இல்லியா?"

"பத்தாயிரத்துக்கு ஒருவாட்டி கரெக்டா மாத்துறேண்ணே."

"அது ரோடு ஓடுன கணக்கு. இன்ஜின் ஓடுன கணக்கு வேற."

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கி எனக்குப் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்றால் 10,000 ஓட 250 நாள். அதற்குள் இன்ஜின் சுற்றியது 625 மணி நேரம். அதே தூரத்தை ஹைவேயில் 80-ல் ஓட்டினால் 125 மணி நேரம்தான். ஆக, என் ஆயில் ஐந்து மடங்கு நேரம் வெந்திருக்கிறது, அதுவும் காற்று படாமல், டர்போவின் சூட்டில். இப்போது 5,000 அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுகிறேன். டின்னில் 502.00 (ஃபோக்ஸ்வாகன் குழும ஆயில் தர எண்) என்று போட்ட ஃபுல் சிந்தெடிக் மட்டும்தான். வீடு நெருங்கும் கடைசி இரண்டு கிலோமீட்டர் டர்போவை வேலை வாங்காமல் மெதுவாக வருவேன். பழுக்கச் சூடான டர்போவை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி அணைத்தால், உள்ளே தங்கும் ஆயில் கரியாகிவிடும்.

அடுத்தது சூடு. ஒரு கோடையில் ஏசி போட்டு சிக்னலில் நின்றாலே டெம்பரேச்சர் முள் 90-ஐத் தாண்ட ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்காமல் முன் பம்பரைக் கழற்றச் சொன்னேன். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல் கனத்துக்குச் சாம்பல் கலரில் ஒரு படலம். அனல்மின் நிலையச் சாம்பல், ரோட்டுப் புழுதி, கடல் ஈரம் மூன்றும் சேர்ந்து இறுகியிருந்தது. மெல்லிய தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவினோம். கறுப்புத் தண்ணீர் ஓடி முடியப் பத்து நிமிஷம் ஆனது. முள் மறுநாளே 90-ல் நின்றது. அதிலிருந்து வருஷம் இரண்டு முறை, கோடைக்கு முன்னும் மழைக்கு முன்னும், இதைச் செய்கிறேன். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடியில் கடல்நீர் ஏறிக் கிடக்கிறது, அந்த உப்பு உள்ளே அரிக்கும். டிஸ்டில்ட் வாட்டரும் ரோஸ் கலர் ஜி12 கூலன்ட்டும்தான்.

டைமிங் பெல்ட்டை 60,000-க்கு ஒருமுறை, கூடவே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுவேன். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் இன்ஜின் இது. பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணே, என்னுது ஆடி டிடி, 2.0 டிஎஃப்எஸ்ஐ, 1,40,000 ஓடியிருக்கு. உங்க மணிக்கணக்கு கியர்பாக்ஸுக்கும் அப்படியே பொருந்தும். மூலக்கடையில் ஊர்ந்து ஊர்ந்து போகையில் ஆறு கியர் டிஎஸ்ஜியின் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் பெட்டி) கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டிருக்கும். 60,000-க்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றணும் என்பது விதி, நான் 40,000-க்கே மாற்றுகிறேன். முன்வண்டி ஒரு வண்டி நீளம் நகர்ந்த பிறகுதான் பிரேக்கை விடுவேன். இன்னொன்று, இதில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. 1,10,000-ல் காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறியது. மேனிஃபோல்டைக் கழற்றினால் வால்வுத் தண்டில் கரி மொத்தை மொத்தையாக ஒட்டியிருந்தது. வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அடித்து எடுத்தார்கள். உதறல் அத்தோடு போச்சு.

காசிமேட்டிலிருந்து இன்னொரு வாசகர்:

நானும் ஆர்.எஸ்.தான் அண்ணா. துறைமுகச் சுவரிலிருந்து நடக்கிற தூரம், உப்புக்காற்று நேரா அடிக்கும். பின்சக்கர பிரேக்கில், பேடை அழுத்தும் காலிப்பர் நகர்கிற கம்பி (பின்) இறுகி ஒரு பக்கப் பேட் மட்டும் தகடாகத் தேய்ந்தது. இப்ப ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பியைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கு உண்டான கிரீஸ் போடுறேன். போன மழையில் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டி, வண்டி மூணு சிலிண்டரில் குலுங்கிச்சு. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் போயிருந்தது. அப்படியே ஒரு வாரம் ஓட்டிட்டேன், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் காலி. பெரிய துட்டு. கண்டன்சரை வீட்டிலேயே கழுவலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து என் பதில்:

விளக்கு சிமிட்டினால் ஓரம் கட்டணும் தம்பி, ஓட்டக்கூடாது. டிக்கியில் ஒரு காயில் எப்பவும் வைத்திரு, நாலு சிலிண்டருக்கும் ஒரே மாதிரி காயில்தான், மாற்ற ஐந்து நிமிஷம். கழுவுவதை வீட்டிலேயே செய்யலாம். பிரஷர் பம்ப் மட்டும் வேண்டாம், மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும். ஞாயிறு காலை ஆறரைக்கு வண்டியை எடுத்துக்கிட்டு வா. பம்பர் கழற்ற ரெண்டு பேர் வேணும், நான் இருக்கேன்.