கையில் 2000 ரூபாய், ஒரு நாள் விடுமுறை: மட்டக்களப்பிலிருந்து எங்கே போகலாம்?

செங்கலடிப் பெண்:
மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் நண்பிகள் கூட்டம் மூன்று வருடங்களாகப் பொத்துவில் பக்கக் கடற்கரையான அறுகம்குடாவுக்குப் போகிறது, வாயால் மட்டும். வான் பேசுவோம், வாடகையை ஏழாகப் பிரிப்போம். பிறகு ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், இன்னொருத்தியின் மச்சாளுக்குக் கலியாணம் வரும். வான்காரர் இப்போது என் குரலைக் கேட்டதுமே சிரிக்கிறார்.

வருகிற போயா (பௌர்ணமி) தினம் எனக்கு விடுமுறை. இந்த முறை யாரையும் கேட்காமல் காலையில் எழும்பிப் போய்விட வேண்டும் என்றிருக்கிறேன். கையில் 2000 ரூபாய் இருக்கிறது. பொழுது படமுன் வீட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா சந்திக்கு வந்துவிடுவார். தனியாகப் போகும் பெண்ணுக்கு எந்தப் பக்கம் நல்லது? பாசிக்குடா வேண்டாம், அதை எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

பழைய சாரதி:
மகள், நான் 26 வருடம் பஸ் ஓட்டியவன். அவ்வளவு காலமும் வீதியைத்தான் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் ஜன்னல் ஓரத்தில் உட்காரக் கிடைத்தது. அந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

போன வருடம் ஆனி மாதம், தண்ணீர்ப் பம்பிக்கு ஒரு வாசர் வாங்கக் கல்முனைக்குப் பஸ் ஏறினேன். களுதாவளையில் ஒரு அம்மா வெற்றிலைக் கூடையும் இரண்டு பைகளுமாக ஏறினார். குருமண்வெளியில் அவர் இறங்கும்போது, பாவம், கை கொடுப்போம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினேன். திரும்பிப் பார்க்கிறேன், பஸ் போய்விட்டது. எத்தனை பேரை நான் அப்படி விட்டுவிட்டு வந்திருப்பேன்! அந்தப் பாவக் கணக்கில் ஒன்று கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கூடையோடு நிற்கிறவனுக்கு வேறு வேலை என்ன? அம்மாவுக்குப் பின்னால் மட்டக்களப்பு வாவித் துறைக்கு நடந்தேன். அங்கே பாதை நின்றது. வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் நடக்கிற வழி, நம் பக்கத்தில் அது தண்ணீரில் மிதக்கும். தட்டையான இரும்புத் தளம், அதில் மோட்டார் சைக்கிள்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், உர மூட்டைகள். மெதுவாகத்தான் போகும். அந்த மெதுவுக்காகவே போக வேண்டும். நடு வாவியில் தென்னை மரங்கள் இரண்டு கரையிலும் ஒரே உயரத்தில் தெரிந்தன. கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. வயது அறுபதைத் தாண்டிய எனக்கு அதுதான் முதல் தடவை. வாவிக்கரையில் பிறந்தவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அக்கரை மண்டூர். முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். நான் போன நேரம் கதவு பூட்டியிருந்தது. வெளிவீதி மணலில் உட்கார்ந்தேன், தூங்கியும் விட்டேன். பிறகு ஒரு சின்னக் கடையில் சோறும் வாவி மீன் குழம்பும். வந்த வழியே திரும்ப மனமில்லாமல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையால் கொக்கட்டிச்சோலைக்குப் பஸ் எடுத்தேன். அங்கிருந்து மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிப் பக்கம் வந்து சேர்ந்தேன். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கேயும் பாதைதான். ஆக, கிழக்குக் கரையான எழுவான்கரையால் போய்ப் படுவான்கரையால் வந்தால் வாவியை ஒரு சுற்றுச் சுற்றியதாகிறது. பஸ்ஸும் பாதையும் சில்லறைக் காசு. சாப்பாடுதான் பெரிய செலவு.

வாசர் வாங்கவில்லை. மனைவி இரண்டு நாள் கிணற்றில் வாளியால் அள்ளினார். அந்தச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவர் சேர்த்து வைத்திருக்கிறார்.

திட்டம் ஒன்றும் வேண்டாம். இறங்கிய இடத்தில் முதல் வேலையாகத் திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அதற்கு முந்திய பஸ்ஸில் வாருங்கள். கடைசி பஸ் சில நாட்களில் வராது. நானே ஓட்டியவன், எனக்குத் தெரியும். ஆவணித் தீர்த்தக் காலத்தில் மண்டூர் பக்கம் போனால் கோயிலைப் பார்க்கலாம், வாவியைப் பார்க்க முடியாது. அவ்வளவு சனம்.

பொத்துவிலான்:
தங்கச்சி, என் ஊரை நானே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அறுகம்குடாவுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அக்கரைப்பற்றில் பஸ் மாறினால் ஒரு வழிக்கே மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. பொழுது படமுன் செங்கலடியில் நிற்க வேண்டுமென்றால் பாலத்தில் நின்று கடலை ஒரு பார்வை பார்க்கலாம், அவ்வளவுதான். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை அலைச் சறுக்குக்காரர் நிறைந்திருப்பார்கள், இளநீர்கூட வெள்ளைக்காரன் விலையில்தான் கிடைக்கும். ஒரு இரவு தங்க முடிகிறபோது வாருங்கள்.

தெற்கே வரத்தான் வேண்டுமென்றால் திருக்கோவிலோடு நிறுத்துங்கள். சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமையாக இருந்தால் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் எங்கள் கடைகள் பூட்டியிருக்கும், முந்தியே சாப்பிட்டுவிடுங்கள். என் உம்மா சொல்வது: பசியோடு ஊர் பார்க்கிறவன் கடையைத்தான் பார்ப்பான்.

குடை மறந்தவன்:
ஐயா சொன்ன சுற்று நல்லதுதான். ஆனால் நான் அதை மார்கழியில் செய்தேன். போகும்போது வெயில். மண்டூரில் பிளேன்டீ குடித்து முடிக்குமுன் வாடைக்காற்றும் மழையும் பிடித்தது. பாதை ஓடவில்லை. வெள்ளாவெளிப் பக்க வீதியில் தண்ணீர் ஏறிவிட்டது. அன்றிரவு முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் படுத்தேன். அவர்கள் பாயும் தந்து, புட்டும் மீன் சொதியும் தந்தார்கள். அது பெரிய மனது, மறக்கவில்லை. ஆனால் அன்றைய இரவு முழுவதும் என் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. கார்த்திகையிலிருந்து தைவரை இந்த விளையாட்டு வேண்டாம்.

செங்கலடிப் பெண்:
போய் வந்துவிட்டேன். சாரதி ஐயா கோபிக்கக் கூடாது, சுற்றைத் தலைகீழாகத் திருப்பிவிட்டேன். நகரில் முதலில் வந்தது கொக்கட்டிச்சோலை பஸ், அதில் ஏறிவிட்டேன்.

தான்தோன்றீஸ்வரர் கோயிலில் அந்தக் கல் நந்தியைப் பார்த்தேன். புல் தின்று பறங்கியரை (போர்த்துக்கேயரை) விரட்டியது என்று அம்மம்மா சொன்ன நந்தி. நான் யானை அளவுக்குக் கற்பனை செய்து வைத்திருந்தேன். மண்டூரில் எனக்கு மத்தியானப் பூசை கிடைத்தது. வாயில் வெள்ளைத் துணி, மந்திரம் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அவ்வளவு சனத்துக்குள் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. சோற்றுக் கடையில் தனியாக உட்காரக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கடைக்கார அக்கா, யாருடைய மகள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எங்கள் பெரியம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமாகிவிட்டார். மீன் பொரியலுக்குக் காசு எடுக்கவில்லை.

பாதையில் ஏறும்போது மணி நாலரை. குருமண்வெளிப் பக்கம் முகத்தை வைத்து நின்றேன், முதுகு சுட்டது. திரும்பினால், நான் விட்டுவந்த கரைக்கு மேலே சூரியன் சாய்ந்திருந்தது. படுவான்கரை என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். முழுவதும் படும்வரை நிற்க ஆசைதான். ஆனால் அதற்குள் அம்மா சந்திக்கு வந்திருப்பார்.

2000இல் 870 மிச்சம். அம்மாவிடம் கோயிலுக்குப் போனேன் என்று சொன்னேன், பொய்யும் இல்லை. வான் கூட்டத்துக்கு இன்னும் சொல்லவில்லை.