கிட்டார் ஃப்ரெட் வெட்டும் ஜிக்: இடம் தப்பாக வருகிறது, உதவி தேவை

ஆறுதந்தி: வணக்கம். ஃபிங்கர்போர்டில் (கிட்டார் கழுத்தின் மேல் பலகை) ஃப்ரெட் கம்பிகள் உட்காரும் காடி வெட்ட ஜிக் (ரம்பத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் சட்டம்) ஒன்று செய்தேன். பிளைவுட்டில் ரம்பப் பெட்டி, அதன் பக்கத்துச் சுவரில் ஒரு பின் (சிறு கம்பி முளை), பலகைக்கு அடியில் இருபக்க டேப் போட்டு ஒட்டிய, ஃப்ரெட்டுக்கு ஒரு காடி போட்ட அக்ரிலிக் பட்டை. பட்டையின் காடி பின்னில் உட்காரும், அப்படியே ரம்பத்தை இழுக்க வேண்டியதுதான். மூலைமட்டம் வைத்துத்தான் எல்லாம் செய்தேன். ஆனாலும் ஃப்ரெட் இடம் தப்பாக வருகிறது. நல்ல ஈட்டிப் பலகை ஒன்று போய்விட்டது. ஜிக்கில் எங்கே தப்பு இருக்கும்? கொஞ்சம் அவசரம்.

மரத்தூள்: ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) என்ன? எத்தனையாவது ஃப்ரெட், எவ்வளவு தள்ளி? அளவு சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

நெல்லைக்காரன்: பின் ஆடுகிறது. 2 மி.மீ. பின்னுக்கு 2.3 மி.மீ. காடி போட்டிருப்பீர்கள். எல்லாருக்கும் அங்கேதான் போகும்.

ஈரக்காற்று: பலகை நன்றாகக் காய்ந்ததா? மழைக்காலத்தில் வெட்டினால் மரம் நீளும்.

பழையபட்டறை: ஈரத்தில் மரம் அகலத்தில்தான் உப்பும், நாரின் நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வராது. இதுகூடத் தெரியாமல் பதில் போடாதீர்கள். ஆறுதந்தி தம்பி, முதலில் அளக்கப் பழகுங்கள், ஜிக் அப்புறம். ஜிக்கில் என்ன அளவு இருக்கிறதோ அதைத்தான் அது மரத்தில் பதிக்கும். பட்டை தப்பு என்றால் வெட்டுகிற பலகையெல்லாம் தப்பு.

ஆறுதந்தி: ஸ்கேல் 648 மி.மீ. நட்டிலிருந்து (கழுத்து முனையில் தந்தி தங்கும் கட்டை) 12-ஆவது ஃப்ரெட் சரிபாதியில், 324-இல் வர வேண்டும். எனக்கு 321.6-இல் நிற்கிறது.

நெல்லைக்காரன்: சொன்னேனே, பின்.

மரத்தூள்: பின் ஆட்டத்தில் 2.4 மி.மீ. போகாது அண்ணா. அதோடு, பலகையை எப்போதும் ஒரே பக்கம் அழுத்திப் பிடித்தால் அந்த ஆட்டமும் கணக்கில் வராது. ஆறுதந்தி, பட்டையின் அளவு எங்கிருந்து வந்தது? பிரிண்ட் எடுத்து ஒட்டினீர்களா? பிரிண்டர் தாளுக்குத் தகுந்தபடி படத்தைச் சுருக்கிவிடும். 1, 5, 20 எங்கே நிற்கின்றன என்றும் சொல்லுங்கள்.

தஞ்சைத்தந்தி: இவ்வளவு கணக்கு எதற்கு? வீணைக்கு மேளம் கட்டும்போது, அதாவது மெட்டுகளை (வீணையின் ஃப்ரெட்) பதிக்கும்போது, ஆசாரி எந்த ஜிக்கும் வைத்துக்கொள்வதில்லை. மெழுகில் மெட்டைப் பதித்து, மீட்டிப் பார்த்து, நகர்த்தி, 24 மெட்டையும் காதாலேயே நிறுத்துகிறார். காதை நம்புங்கள்.

பழையபட்டறை: மெழுகு நகரும். ரம்பம் போட்ட காடி நகருமா? சம்பந்தமில்லாத ஒப்பீடு.

தஞ்சைத்தந்தி: ஒரே வரியில் தள்ளிவிட வேண்டாம் ஐயா. எந்த அளவுகோலாக இருந்தாலும் கடைசியில் கேட்பது காதுதான். அந்தக் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

பழையபட்டறை: பார்த்ததை மதிக்கிறேன். ஆனால் வெட்டிய பிறகு காது கேட்டு என்ன பயன்?

ஆறுதந்தி: பிரிண்ட் இல்லை. கணக்குப் போட்டு நானே கீறினேன். 1-ஆவது 36.0, 5-ஆவது 161.1, 20-ஆவது 441.4.

மரத்தூள்: கிடைத்துவிட்டது. 648-ஐ 36-ஆல் வகுத்தால் 18. நீங்கள் 18-ஆல் வகுத்திருக்கிறீர்கள், அது பழைய விதி. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதி நீளத்தை வகுக்க வேண்டியது 17.817-ஆல். அப்படிப் போட்டால் 1-ஆவது 36.37, 5-ஆவது 162.55, 12-ஆவது 324, 20-ஆவது 443.89. பிரிண்ட் சுருங்கியிருந்தால் 12-இல் 2.4 குறைகிற இடத்தில் 20-இல் 3.3 குறைந்திருக்கும். உங்களுக்கு 20-இலும் 2.5-தான். ஆக ஜிக்கில் பழுதில்லை, பட்டையை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று: ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததற்கு அளந்துகொண்டே போகாதீர்கள், சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்துகொள்ளும். ஸ்டீல் ஸ்கேலை நட்டில் வைத்தால் எடுக்காமல் எல்லாவற்றையும் அங்கிருந்தே குறியுங்கள்.

பழையபட்டறை: கணக்கு சரி. 18 ஒன்றும் முட்டாள்தனம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலிலியோவின் தந்தை வின்சென்ஸோ கலிலேய் 1581-இல் லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கு 18:17 சொன்னார். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறும், 18 அதை ஓரளவு ஈடுகட்டியது. இன்று அந்த வேலையைச் சாடிலை (மறுமுனையில் தந்தி தங்கும் கட்டை) பின்னால் தள்ளிச் செய்கிறோம், தடித்த தந்திப் பக்கம் கூடுதலாக.

தஞ்சைத்தந்தி: அப்படியென்றால் அவரும் காதில் கேட்டுத்தானே அதை ஏற்றிருப்பார்?

ரம்பப்பல்: புதுப் பட்டையை முதலில் ஒரு வேஸ்ட் ரீப்பரில் வெட்டிப் பாருங்கள். ரம்பத்தையும் பாருங்கள், ஃப்ரெட் கம்பியின் நாக்குக்கு (காடிக்குள் இறங்கும் பகுதி) 0.6 மி.மீ. காடி போதும். சாதாரண ரம்பம் 1 மி.மீ. வரை வெட்டிவிடும், ஃப்ரெட் பிடிக்காது.

ஈரக்காற்று: போன பலகையைக் காடி அடைத்துத் திரும்ப வெட்டலாமா?

மரத்தூள்: 1-ஆவது 0.37 மி.மீ.தான் தள்ளியிருக்கிறது. புதுக் காடி பழையதன் மேலேயே விழும், விளிம்பு உதிரும். வேண்டாம்.

ஆறுதந்தி: 17.817 வைத்துப் புதுப் பட்டை கீறியாயிற்று. ரீப்பரில் 12-ஆவது 324, 20-ஆவது 444-க்கு ஒரு மயிரிழை முன்னால். ரம்பம் மெல்லியது தேடிக்கொண்டிருக்கிறேன். நன்றி மரத்தூள்.

நெல்லைக்காரன்: பின்னையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.