பத்தாம் வகுப்புக்குப் பிறகு மலைப் பிள்ளைகள் எங்கே போவது?

கோத்தகிரி பெற்றோர்:
எங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதா, பிளஸ் 2 அறிவியல் பிரிவில் படிக்கவைத்துப் பொறியியலுக்கு அனுப்புவதா? பச்சைத் தேயிலை விலையை நம்பி வாழும் வீடுகளில் ஆறு வருடப் படிப்பு என்பது ஆறு வருடக் கடன். என் மனம் ஐ.டி.ஐ. பக்கம் சாய்கிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் ஃபிட்டர்:
தயங்காமல் ஐ.டி.ஐ.யில் சேருங்கள். தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரப் பராமரிப்பு வேலையிலேயே என் காலம் கழிந்தது. பச்சை இலையை வெட்டிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றைவிட மற்றொன்று ஏறக்குறைய பத்து மடங்கு வேகம். பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கிப்போகும், தூளின் தரம் விழும், குன்னூர் ஏலத்தில் விலையும் விழும். உருளையைக் கழற்றி, பல்லைத் திரும்ப வெட்டி, இரண்டையும் இம்மியும் பிசகாமல் நேர்கோட்டில் பொருத்தத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. அவசரத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்துதான் ஆள் வரவேண்டியிருக்கிறது. எங்கள் குன்னூரிலேயே பி.இ. முடித்த பையன்கள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஊட்டி கணித ஆசிரியை:
ஐயா, உங்கள் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் பதினைந்து வயதில் ஒரு பிள்ளையிடமிருந்து கணக்கைப் பிடுங்குவதை ஏற்க மாட்டேன். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் ஊர் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. அதே அளவு வடக்கு தெற்காகச் சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அதைக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். எந்தச் சரிவு வேண்டும் என்று சொன்னது கணக்கு. அதைப் படிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

இன்னொன்றும் கேட்கிறேன். ஐ.டி.ஐ. நல்லது என்று மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளையை அங்கே அனுப்புகிறார்களா? தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு மட்டும்தான் அந்த யோசனை சொல்லப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையிலும் 7.5 சதவீத இடம் 2021 முதல் இருக்கிறது. அந்த இடம் அவர்களுக்கானது.

குன்னூர் ஃபிட்டர்:
டீச்சர், அந்தத் தொலைநோக்கியில் 24 பரவளையச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் மீது 1,100 எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. வளைவு பிசகாமல் அந்தச் சட்டங்களைச் செய்து நிறுத்தியவை யாருடைய கைகள்? மலை ரயிலுக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிய நீராவி எஞ்சின் செய்தார்களே, அங்கேயும் வரைபடத்தைப் பார்த்து உலோகத்தைக் கடைந்தவர்கள் தொழிலாளர்கள்தானே? நான் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கை பழகட்டும். நுட்பமாக அளவெடுக்கும் வெர்னியர் அளவியைப் பிடித்துப் பழகியவனுக்குத் தசமப் புள்ளி எதற்கு என்று தானாக விளங்கும். கரும்பலகையில் மட்டும் படித்தவன் தேர்வு முடிந்த மறுநாளே அதை மறந்துவிடுகிறான்.

ஊட்டி கணித ஆசிரியை:
தானாக விளங்காது, ஐயா. விளங்கவைக்க ஆள் வேண்டும். பைக்காரா நீர்மின் திட்டத்தில் 1932 முதல் சிங்காராவில் மின்சாரம் எடுக்கிறார்கள். தண்ணீர் விழும் உயரம் 900 மீட்டருக்கு மேல். அடியில் குழாய்க்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோவுக்கும் அதிகமான அழுத்தம். ஒரு வால்வை எந்த வேகத்தில் மூடலாம், சட்டென்று மூடினால் குழாய்க்கு என்ன ஆகும் என்பதைத் தொட்டுப் பார்த்துக் கற்க முடியாது. கணக்கு தெரியாதவன் அங்கே கடைசிவரை உதவியாளராகவே இருப்பான். எனக்கு அச்சம் அதுதான்.

கூடலூர் அம்மா:
நீங்கள் இருவரும் பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர ஆசைப்படுகிறாள். ஊட்டிக்கு அனுப்பினால் பஸ்ஸிலேயே பாதி நாள் போகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. விடுதி இடம் உறுதியானால்தான் எங்களால் முடிவெடுக்க முடியும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, ஐ.டி.ஐ.க்கும் உண்டு என்கிறார்கள். அது உதவிதான். ஆனால் இரண்டு வருடம் கழித்து அவள் மேலே படிக்க விரும்பினால் வழி இருக்கிறதா? ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது "பெண்ணுக்குத் தையல் பிரிவு பாருங்கள்" என்றார்கள். எனக்கு மிகுந்த கோபம் வந்தது.

குன்னூர் ஃபிட்டர்:
கோபம் நியாயம் அம்மா. வயரிங் வேலைக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. மேற்படிப்புக்கு வழி இருக்கிறது: இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு. வெல்டர் பிரிவு ஒரு வருடம்தான், அதை எடுத்தால் இந்தக் கணக்கு மாறும். எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், தைரியமாகச் சேருங்கள்.

ஊட்டி கணித ஆசிரியை:
ஐயா சொன்ன வழி ஏட்டில் சரிதான். ஆனால் ஐ.டி.ஐ.யிலிருந்து வரும் பிள்ளை, டிப்ளமோ முதலாண்டுக் கணக்கைப் படிக்காமலே இரண்டாம் ஆண்டு வகுப்பில் உட்கார்கிறது. பலர் தடுமாறுவது அங்கேதான். அதனால் பிளஸ் 2 அறிவியல் பிரிவு என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அம்மா, உங்கள் மகள் எலக்ட்ரீஷியன் பிரிவில்தான் சேருவாள் என்றால், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களையும் வாங்கிக்கொடுங்கள். முக்கோணவியலும் கலப்பெண்களும் மாறுதிசை மின்னோட்டத்துக்கு வேண்டும். விடுமுறையில் ஊட்டிக்கு வந்தால் நானே சொல்லித் தருகிறேன்.

குன்னூர் ஃபிட்டர்:
சேரும் முன் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள், அம்மா. மோட்டார் காயில் கட்டும் மேசையில் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, இல்லை அலமாரி பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பயிற்றுநர் நிரந்தரமா, அடிக்கடி மாறுகிறாரா என்றும் கேளுங்கள். பூட்டிக் கிடந்தால் வேறு இடம் தேடுங்கள். டீச்சரோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனாலும் அவர் சொன்ன புத்தகங்களை வாங்கிவிடுங்கள்.