வெந்தயமும் பழைய பேப்பரும்: கூழ்க் கூடை செய்தவர்கள் கண்ட பக்குவங்கள்

பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் அரைத்த கூழில் கூடை செய்பவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னவை இவை. ஆட்டுக்கல், சின்ன ஜார், மொட்டைமாடி, சுளகு என்பவை அவர்களின் புனைபெயர்கள்.

ஆட்டுக்கல்:
ஒரு சாண் வாய், அரைச் சாண் உயரம். இந்த அளவுக் கூடைக்கு 300 கிராம் பேப்பர், 75 கிராம் வெந்தயம். 12 பக்க நாளிதழ் ஏறத்தாழ 50 கிராம் இருக்கும், ஆக ஆறு நாள் பேப்பர். கத்தரி வேண்டாம், கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்பதால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும். ராத்திரி முழுக்க ஊறட்டும். அவசரமென்றால் 20 நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடலாம். வழவழப்பான வார இதழ்த் தாளைச் சேர்க்கவே கூடாது. அதில் களிமண் பூச்சு உண்டு. அரைத்தால் சேறாகும், காய்ந்ததும் உதிரும்.

வெந்தயத்தைத் தனியே 8 மணி நேரம் ஊறவைத்து, முதலில் அதை மட்டும் கிரைண்டரில் நுரைக்க அரைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் பிழிந்த பேப்பர். பதம் பார்ப்பது சுலபம்: எலுமிச்சை அளவு உருட்டி இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். உள்ளே ஓர் எழுத்துகூடத் தெரியக் கூடாது. பாதி 'க' கண்ணில் பட்டாலும் இன்னொரு சுற்று ஓட்ட வேண்டியதுதான்.

சின்ன ஜார்:
கிரைண்டர் இல்லாதவர்களுக்கு: மிக்ஸியில் ஒரு கைப்பிடி பேப்பருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் நார் பிளேடில் சுற்றிக்கொள்ளும், மோட்டார் சூடாகிக் கருகல் வாடை வரும். பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழிந்துவிட்டு வெந்தய விழுதைக் கலக்கவும். விழுதைச் சேர்த்த பிறகு பிழிந்தால் பசை அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். பலருக்குக் கூடை பொலபொலவென்று உதிர்வதற்கு இதுதான் காரணம், வெந்தயம் குறைந்தது அல்ல.

மொட்டைமாடி:
இதுவரை சொன்னதெல்லாம் சரி. ஆனால் கூடை கெடுவது பெரும்பாலும் காயவைப்பதில்தான். கூழ் காயும்போது சுருங்கும். அச்சாக உள்ளே இருக்கும் சில்வர் பேசின் சுருங்காது. கவிழ்த்த பேசின்மேல் அப்பிவிட்டு அப்படியே மூன்று நாள் விட்டால் வாயோரத்திலிருந்து மேல்நோக்கி விரிசல் ஓடியே தீரும். அதனால் வாய் அகன்று அடி குறுகிய பேசினாகப் பாருங்கள். அதன்மேல் நனைத்த மெல்லிய துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, கூழை அடியிலிருந்து தொடங்கி வாய்ப்பக்கம் தட்டிக்கொண்டே வர வேண்டும். கனம் அரை செ.மீ.க்குச் சற்று மேல். அடியும் சுவரும் சேரும் மடிப்பில் கை தானாகவே அதிகம் அப்பிவிடும். பூசணம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். விரலால் அழுத்திக் கனத்தைச் சமப்படுத்துங்கள்.

முதல் நாள் நிழல், காற்று மட்டும். நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து இறுகும், உள்ஈரம் வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். விரலால் அழுத்தினால் குழி விழாமல், ஆனால் தொட்டால் சில்லென்று இருக்கும் நிலையில் பேசினை உருவிவிட வேண்டும். துணியைக் கூடையிலேயே விட்டு மறுநாள் உரிக்கலாம். அதன்பின் மூன்று நான்கு நாள் நல்ல வெயில், மாற்றி மாற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

காய்ந்ததா என்பதற்கு இரண்டு சோதனை. கன்னத்தில் ஒற்றினால் குளிர்ச்சி தெரியக் கூடாது. இன்னொன்று தராசு: 300-ம் 75-ம் சேர்த்து 375 கிராம், அரைத்ததில் கொஞ்சம் போயிருக்கும். கூடை 450 காட்டினால் இன்னும் தண்ணீரைத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

சுளகு:
விரிசலை ஒட்டுவதற்கு: ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஊறவிட்ட பிறகே புதுக் கூழை வைக்க வேண்டும். காய்ந்த இடத்தில் ஈரக் கூழை அப்பினால் அது மட்டும் சுருங்கி வில்லையாகக் கழன்று விழும்.

கூடையைவிட இந்தக் கூழுக்குப் பழைய வேலை முறம் பூசுவது. புது மூங்கில் முறத்தில் சிலாம்பு குத்தும், இடுக்கு வழியே மாவு கொட்டும். முறத்துக்கு வெந்தயம் கூடுதல்: பேப்பரில் மூன்றில் ஒரு பங்கு. கூழ் தோசைமாவுக்குச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். உள்பக்கம் மட்டும், இடுக்கில் இறங்கும்படி உள்ளங்கையால் தேய்த்துப் பூசி, காய்ந்ததும் இன்னொரு கை பூச வேண்டும். மூங்கில் பின்னல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் இங்கே விரிசல் குறைவு. அதே அளவைக் கூடைக்குப் போடாதீர்கள். பசை கூடினால் ஈரத்தை விடாது, சுருக்கமும் கூடும், நிறமும் கறுக்கும்.

சின்ன ஜார்:
வெந்தயம் விலை அதிகம், மைதா காய்ச்சி ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: ஒட்டும். ஆனால் கரப்பானும் தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். பசை கெடாமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழக்கமும் உண்டு, அது நஞ்சு. வெங்காயம் போடும் கூடைக்கு ஆகவே ஆகாது. வெந்தயத்தின் கசப்பு அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். கரையான் மட்டும் கசப்புக்கு அஞ்சாது, மண்தரையில் வைக்காதீர்கள்.

ஆட்டுக்கல்:
சுளகு அக்கா சொன்ன முறத்தில் ஒரு திருத்தம். அரிசி, மாவு நேரடியாகப் படும் முறத்துக்கு அச்சடித்த பேப்பர் வேண்டாம். மையில் இருக்கும் ரசாயனம் உணவில் இறங்கும் என்றுதான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் செய்தித்தாளில் உணவு மடிப்பதை எதிர்த்து அறிவுறுத்தியது. 2018 விதிமுறைகளும் அதைத் தடுக்கின்றன. அரைத்துவிட்டால் மை காணாமல் போகாது, பரவித்தான் போகும். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துச் சேர்த்துவையுங்கள். நார் கெட்டி, அதனால் இரண்டு நாள் ஊற வேண்டும். கூழ் வெளுப்பாக வரும்.

முட்டை அட்டை கிடைத்தால் அரைப்பது பாதி வேலை, ஏற்கெனவே அது கூழில் வார்த்ததுதானே. ஆனால் கோழி எச்சம் பட்டிருக்கும், கொதிக்க வைக்காமல் கை வைக்கக் கூடாது. அந்தக் கூடை பூண்டுக்குக்கூட வேண்டாம், துணி கிளிப் போட்டு வைக்க நன்றாக இருக்கும்.